இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு கரைந்து சீழ் பிடித்தால்: அறுவைச் சிகிச்சையில் எது உண்மையில் பலன் தருகிறது?

நொய்யல்மகள் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 67. கீழ்வரிசையின் வலப்பக்கக் கடைவாயில் ஆறு ஆண்டுகளுக்கு முன் அடுத்தடுத்து இரண்டு இம்ப்ளான்ட்டுகள் (இழந்த பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் டைட்டானியத் திருகுகள்) பொருத்திக்கொண்டார். ஐந்து ஆண்டுகள் முறுக்கு வரை கடித்துச் சாப்பிட்டார். ஒரு குறையும் இல்லை. சென்ற தீபாவளிக்குப் பிறகுதான், பல் துலக்கும்போது அந்த இடத்தில் மட்டும் இரத்தம் கசிவதாகச் சொன்னார். நான் டார்ச் அடித்துப் பார்த்து, ஈற்றை விரல் நுனியால் மெல்ல அழுத்தியபோது, கிரவுனுக்கும் (இம்ப்ளான்ட்டின் மேல் வைக்கும் செயற்கைப் பல்) ஈற்றுக்கும் இடையிலிருந்து மஞ்சளாக ஒரு துளி சீழ் வந்தது. அப்பாவுக்கு வலி துளியும் இல்லை. அதனாலேயே அவர் இத்தனை நாள் அதைப் பொருட்படுத்தாமல் இருந்திருக்கிறார்.

முதலில் பார்த்த மருத்துவர் மூன்று முறை ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை சாப்பிடும் வரை சீழ் நிற்கிறது. நிறுத்திய இரண்டாம் வாரம் மறுபடியும் வருகிறது. இரண்டாமவர், இரண்டையும் கழற்றிவிடுவதே நல்லது என்றார். மூன்றாமவர், ஈற்றைத் திறந்து எலும்புத் தூள் வைத்துத் தைத்தால் பழையபடி ஆகிவிடும் என்கிறார். எக்ஸ்ரேயில் இம்ப்ளான்ட்டின் மேல் மூன்று மரைகள் எலும்புக்கு வெளியே தெரிகின்றன. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 8.6. யார் சொல்வதைக் கேட்பது என்றே தெரியவில்லை. எலும்புத் தூள் வைத்தால் உண்மையிலேயே சரியாகிவிடுமா?

வேர்க்கால் (ஈறு மருத்துவ நிபுணர்):

சகோதரி, நீங்கள் ஈற்றை அழுத்திப் பார்த்தது மிகவும் நல்லது. பலர் வலி வரட்டும் என்று காத்திருந்து, இம்ப்ளான்ட் ஆடத் தொடங்கிய பிறகே வருகிறார்கள். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே நரம்பு நிறைந்த ஒரு மெல்லிய நார்ப்படலம் உண்டு. இம்ப்ளான்ட்டுக்கு அது இல்லை. டைட்டானியத்தின் மீது எலும்பு நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. சுவீடனைச் சேர்ந்த பிரோனிமார்க் கண்டறிந்து, 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்திய நாளிலிருந்து இந்தச் சிகிச்சையின் அடித்தளமே அந்தப் பிடிப்புதான். ஆனால் அதே காரணத்தால், சுற்றியுள்ள எலும்பு பாதி கரையும் வரை கூட நோயாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. பல்லைச் சுற்றியுள்ள ஈற்று நார்கள் பல்லின் வேரிலேயே ஊன்றி நிற்கின்றன. இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள நார்கள் அதை ஒட்டினாற்போல் ஓடுகின்றனவே தவிர, அதனுள் ஊன்றுவதில்லை. எனவே கிருமிப் படலம் ஒருமுறை கீழே இறங்கிவிட்டால் அதைத் தடுத்து நிறுத்தும் வேலி பலவீனமானது. ஈற்று நோயில் காணும் அழற்சிப் பகுதியைப்போல் இங்கே இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக இருப்பதைத் திசு ஆய்வுகள் காட்டியுள்ளன.

மாத்திரையால் சீழ் ஏன் நிரந்தரமாக நிற்கவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. கிருமிகள் தனித்தனியாக மிதந்துகொண்டிருப்பதில்லை. சொரசொரப்பாகச் செய்யப்பட்ட டைட்டானியப் பரப்பில், மரைகளின் இடுக்குகளில், பாசி படிந்ததுபோல் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கிணற்றுப் படிக்கட்டில் படிந்த பாசி, கிணற்று நீரில் மருந்து கலந்தால் போய்விடுவதில்லை. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மாத்திரை சுற்றியுள்ள திசுவின் வீக்கத்தைத் தணிக்கிறது, படலம் அங்கேயே இருக்கிறது.

அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசும் முன் சில விவரங்கள் தேவை. இம்ப்ளான்ட் பொருத்திய அன்று அல்லது கிரவுன் வைத்த அன்று எடுத்த பழைய எக்ஸ்ரே இருக்கிறதா? கிரவுன் திருகால் பூட்டப்பட்டதா, சிமென்ட்டால் ஒட்டப்பட்டதா? ஒவ்வொரு இம்ப்ளான்ட்டையும் சுற்றி ஈற்றுப் பையின், அதாவது ஈற்றுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கின், ஆழத்தை அளந்தார்களா? 2017-இல் சிகாகோவில் கூடிய உலக நிபுணர் மாநாட்டின் வரையறைப்படி, பழைய எக்ஸ்ரே இல்லாத நிலையில், அளக்கும்போது இரத்தம் கசிவது, பையின் ஆழம் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருப்பது, எலும்பு 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் (இம்ப்ளான்ட்டைச் சுற்றி அழற்சியோடு எலும்பும் கரையும் நோய்) என்று உறுதி செய்கிறோம். ஈற்றில் மட்டும் அழற்சி இருந்து எலும்பு கரையவில்லை என்றால் அது வேறு நிலை. சுத்தம் செய்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

சிமென்ட்டைப் பற்றிக் கேட்டதற்கும் காரணம் உண்டு. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் கண்ட 42 இம்ப்ளான்ட்டுகளை உள்நோக்கிக் குழாய் (எண்டோஸ்கோப்) விட்டுப் பார்த்தபோது 34-இல் ஈற்றுக்குக் கீழே மிச்சச் சிமென்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அகற்றிய 33 இம்ப்ளான்ட்டுகளில் 25-இல் நோய்க்குறிகள் மறைந்தன. சில வகைச் சிமென்ட் எக்ஸ்ரேயில் தெரிவதே இல்லை.

மணல்மேடு:

நான் மருத்துவர் அல்லன். இதே நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவன். மேல்வரிசை முன்பல்லில் நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. சீழ் நின்றது, இம்ப்ளான்ட் இன்றுவரை உறுதியாக இருக்கிறது. ஆனால் ஈறு கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் மேலேறிவிட்டது. கிரவுன் நீளமாகத் தெரிகிறது, ஓரத்தில் உலோகத்தின் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. சிகிச்சைக்கு முன் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன், ஆனால் கட்டு அவிழ்த்த அன்று கண்ணாடியில் பார்த்து மனம் உடைந்திருக்க மாட்டேன். சகோதரியின் அப்பாவுக்குக் கடைவாய் என்பதால் இந்தக் கவலை குறைவு. முன்பல்லுக்கு இதைச் செய்துகொள்பவர்கள் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நொய்யல்மகள்:

ஐயா, விவரங்களைச் சேகரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பழைய கோப்பில் கிரவுன் வைத்த அன்று எடுத்த எக்ஸ்ரே கிடைத்தது; அதில் எலும்பு முதல் மரையை மூடியபடி இருக்கிறது. இரண்டு கிரவுன்களும் சிமென்ட்டால் ஒட்டப்பட்டவை. நேற்று ஒரு ஈறு மருத்துவ நிபுணரிடம் அளந்து பார்த்தோம். முன்னால் உள்ள இம்ப்ளான்ட்டைச் சுற்றிப் பையின் ஆழம் 7, 8, 8, 7 மில்லிமீட்டர். பின்னால் உள்ளதில் 6, 6, 5, 6. இரண்டிலும் இரத்தம், முன்னதில் சீழும். இரண்டும் ஆடவில்லை. அவர் இன்னொன்றும் காட்டினார்: பின் இம்ப்ளான்ட்டின் கன்னப்பக்கத்தில் கெட்டியான ஈறே இல்லை, கன்னத்தை இழுத்தால் ஈற்றோரமும் சேர்ந்து அசைகிறது. அந்த இடத்தில் பிரஷ் பட்டால் அப்பாவுக்குக் கூசுமாம். அதனால் அங்கே மட்டும் துலக்காமலே விட்டிருக்கிறார்.

வேர்க்கால்:

இப்போது படம் தெளிவாகிறது. உங்கள் அப்பாவுக்கு இரண்டு இம்ப்ளான்ட்டுகளிலும் ஒரே நோய்தான். ஆனால் ஒரே சிகிச்சை பொருந்தாது என்பது என் கருத்து. காரணம் எலும்பு கரைந்திருக்கும் வடிவம்.

தென்னையைச் சுற்றி வட்டப்பாத்தி வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திக்குக் கரை நன்றாக இருந்தால் உள்ளே விட்ட தண்ணீர் நிற்கும். ஒரு பக்கம் கரை உடைந்திருந்தால் அந்த வழியாக ஓடிவிடும். கரையே இல்லாத சமதரையில் நிற்கவே நிற்காது. இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு பாத்திபோல் உள்வாங்கிக் கரைந்து, சுற்றிலும் எலும்புச் சுவர் மிஞ்சியிருந்தால், அங்கே வைக்கும் எலும்புத் தூள் அசையாமல் நிற்கும், இரத்தம் உறையும், புதிய எலும்பு உள்ளே வளர வாய்ப்புண்டு. சுற்றிலும் சமமாக எலும்பு இறங்கிவிட்ட இடத்தில் தூளைக் கொட்டுவதில் பயனில்லை. உங்கள் அப்பாவின் முன் இம்ப்ளான்ட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 7, 8 என்று ஆழமாக இருப்பது பாத்தி வடிவத்தைக் காட்டுகிறது. பின்னது சமமாக இறங்கியதுபோல் தோன்றுகிறது. எக்ஸ்ரே பல்லின் இரு பக்கங்களை மட்டுமே காட்டும், சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில் உலோகத்தின் நிழல் குழப்பும். எனவே ஈற்றைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே இறுதி முடிவு. அனுபவமுள்ள எவரும் இரண்டு திட்டங்களோடுதான் அறுவைக்குள் போவார்கள்.

ஆனால் உடனே அறுவைக்குப் போக வேண்டாம். முதலில் இரண்டு கிரவுன்களையும் கழற்றி, ஈற்றைத் திறக்காமலே சுத்தம் செய்து, துலக்கும் முறையைக் கற்றுக்கொடுத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டியும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. 6 முதல் 12 வாரங்கள் கழித்து மறுபடி அளந்து, பை 5 மில்லிமீட்டருக்குள் அடங்காமல் இரத்தக் கசிவும் சீழும் தொடர்ந்தால் அறுவை. 7, 8 மில்லிமீட்டர் பைகள் இந்த முதற்கட்டத்தோடு அடங்குவது அரிது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அப்படியென்றால் இது எதற்கு என்று கேட்கலாம். அழற்சி தணிந்த ஈறு கத்திக்கு நன்றாக ஒத்துழைக்கும், தையல் கிழியாது, இரத்தம் குறைவாக வரும். அதைவிட முக்கியமானது, உங்கள் அப்பா தினமும் அந்த இடத்தைத் துலக்குவாரா என்பது இந்த மூன்று மாதங்களில் தெரிந்துவிடும். துலக்காத வாயில் செய்யும் அறுவை நிலைக்காது.

அறுவை அன்று நடப்பது இதுதான். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈற்றைக் கீறி இருபுறமும் திறப்பார்கள். பாத்திக்குள் நிறைந்திருக்கும் சிவந்த, கொழகொழத்த அழற்சித் திசுவை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். அது போன பிறகுதான் மரைகள் கண்ணுக்குத் தெரியும். அடுத்தது இம்ப்ளான்ட்டின் பரப்பைச் சுத்தம் செய்வது. டைட்டானியத்தால் ஆன சுரண்டிகள், மெதுவாகச் சுழலும் டைட்டானியப் பிரஷ், கிளைசின் அல்லது எரித்ரிட்டால் பொடியைக் காற்றோடு பீய்ச்சும் கருவி எனப் பல உண்டு. இறுதியில் சலைனால் நன்றாகக் கழுவுவார்கள். எலும்புத் தூளுக்கு ஐந்து நிமிடம் போதும். இந்தச் சுத்தத்துக்கு அரை மணிக்கு மேல் ஆகும். நேரத்தை எங்கே செலவிடுகிறார் என்பதைக் கொண்டே ஒரு மருத்துவரை எடைபோடலாம் என்று என் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

அதன் பிறகே பாதை பிரியும். பாத்தி வடிவத்தில் எலும்புத் தூளை நிரப்பி, தேவைப்பட்டால் மேலே கொலாஜன் படலம் போர்த்தித் தைப்பார்கள். சமமாக இறங்கிய இடத்தில் எலும்பின் கூர்முனைகளை மழித்து, ஈற்றைக் கீழே இறக்கித் தைத்து, பையையே இல்லாமல் செய்வார்கள். மரைகள் வெளியே தெரியும், ஆனால் பிரஷ் எட்டும். கெட்டியான ஈறு இல்லாத இடத்துக்கு மேல் அண்ணத்திலிருந்து சிறு துண்டு எடுத்து ஒட்டுவதும் உண்டு. உங்கள் அப்பாவின் பின் இம்ப்ளான்ட்டுக்கு அது தேவைப்படும் என்று நினைக்கிறேன்; கூச்சம் போனால்தான் அவர் அங்கே துலக்குவார்.

ஒரு சிறு குறிப்பு. பரவலாகப் பயன்படும் எலும்புத் தூள் மாட்டின் எலும்பிலிருந்து புரதம் நீக்கித் தயாரிக்கப்படுவது. வீட்டில் மனத்தடை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். செயற்கையாகத் தயாரித்தவையும் கிடைக்கின்றன.

கருவேலம் (வாய், முக அறுவை மருத்துவர்):

வேர்க்கால் சொன்ன வரிசையோடு எனக்கு உடன்பாடுதான். எலும்புத் தூளைப் பற்றி மட்டும் இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பாத்தி வடிவக் குறைபாடு உள்ளவர்களையே தேர்ந்தெடுத்து, பல மையங்களில் 138 பேரிடம் நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஒரு பாதியினருக்குத் திறந்து சுத்தம் செய்ததோடு எலும்புத் தூளும் வைத்தார்கள். மறுபாதியினருக்குச் சுத்தம் மட்டுமே. ஓராண்டு கழித்து, இரத்தமோ சீழோ இல்லாமல், பை 5 மில்லிமீட்டருக்குள் அடங்கி, ஈறும் 1 மில்லிமீட்டருக்கு மேல் பின்வாங்காமல் இருந்தவர்கள் தூள் வைத்தவர்களில் 16.4 விழுக்காடு, வைக்காதவர்களில் 13.5 விழுக்காடு. இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. இரு பிரிவினருக்கும் பையின் ஆழம் நன்றாகவே குறைந்தது. தூள் வைத்தவர்களுக்கு ஈறு பின்வாங்குவது குறைவாக இருந்தது. அது முன்பல்லுக்குப் பெரிய இலாபம், கடைவாய்க்கு அவ்வளவு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின் எக்ஸ்ரேயைக் காட்டி, "பாருங்கள், எலும்பு வளர்ந்துவிட்டது" என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அங்கே வெள்ளையாகத் தெரிவது புதிய எலும்பா, வைத்த தூளே அப்படித் தெரிகிறதா என்று எக்ஸ்ரே பிரித்துச் சொல்லாது. கிருமி படிந்த டைட்டானியத்தில் எலும்பு மறுபடியும் ஒட்டிப் பிடிப்பது விலங்கு ஆய்வுகளில் ஓரளவுக்கே காணப்பட்டுள்ளது. எனவே "பழையபடி ஆகிவிடும்" என்ற மூன்றாம் மருத்துவரின் சொல்லை நான் ஏற்க மாட்டேன். நோய் மேலும் பரவாமல் நிற்கும், இம்ப்ளான்ட் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் என்று சொல்வதே நேர்மையானது.

வேர்க்கால்:

அந்த ஆய்வின் முடிவை ஒப்புக்கொள்கிறேன். தூள் வைப்பதைச் சிகிச்சையின் மையமாக நானும் சொல்லவில்லை. முன் இம்ப்ளான்ட்டில் நான்கு சுவர்களும் திறந்து பார்க்கும்போது உறுதியாக இருந்தால் வைக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு சுவர் இல்லை என்றால் அதையும் விட்டுவிடலாம்; அந்தச் செலவு மிச்சம்.

மணல்மேடு:

இரண்டு ஐயங்கள் கேட்க விரும்புகிறேன், ஐயா. எனக்கு அறுவையின்போது பத்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், அது தேவையா? வெளியே தெரியும் மரைகளை மழித்து வழவழப்பாக்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார், அது நல்லதா?

கருவேலம்:

ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி சுவீடனில் 100 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. அறுவையோடு அமாக்சிசிலின் கொடுத்ததால், சொரசொரப்பான பரப்புள்ள இம்ப்ளான்ட்டுகளில் மட்டும் முதல் ஆண்டில் பலன் தெரிந்தது. மூன்றாம் ஆண்டில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. குளோரெக்சிடின் ஊற்றிக் கழுவியதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. எனவே எல்லோருக்கும் வழக்கமாக எழுதிக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். சர்க்கரை கட்டுப்படாதவர், காய்ச்சலோ முகவீக்கமோ உள்ளவர் என்று ஆளைப் பார்த்துத் தருகிறேன்.

மரை மழிப்பது எலும்புக்கு மேலே வெளியே நிற்கும் பகுதிக்கு மட்டுமே, பாத்திக்குள் செய்யக்கூடாது. வழவழப்பான பரப்பில் அழுக்கு குறைவாகப் படியும் என்பது உண்மை. ஆனால் மழிக்கும்போது டைட்டானியத் துகள்கள் திசுவில் சிதறும், இம்ப்ளான்ட்டின் சுவரும் மெலியும். விட்டம் குறைந்த இம்ப்ளான்ட்டைக் கடைவாயில் மழித்தால் பின்னாளில் முறிந்துபோகலாம். நான் அரிதாகவே செய்கிறேன்.

கழற்றிவிடச் சொன்ன இரண்டாம் மருத்துவரைப் பற்றியும் ஒரு சொல். அவர் சொன்னது தவறான அறிவுரை என்று எண்ண வேண்டாம். இந்த நோயாளிக்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவே. இம்ப்ளான்ட் லேசாக ஆடினாலும் எலும்புப் பிடிப்பு முற்றிலும் போய்விட்டது என்று பொருள். அதற்கு எந்த அறுவையும் பயன்படாது. எலும்பு பாதிக்கு மேல் போயிருந்தாலும், ஒருமுறை அறுவை செய்தும் சீழ் நிற்காவிட்டாலும் கழற்றுவதே நல்லது. எதிர்த் திசையில் திருகிக் கழற்றும் கருவிகள் வந்துவிட்டதால், சுற்றியுள்ள எலும்பைக் குடைந்தெடுக்க வேண்டிய தேவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. தோற்றுப்போன இம்ப்ளான்ட்டை வைத்துக்கொண்டே காலம் தள்ளினால், அடுத்ததைப் பொருத்துவதற்கு எலும்பே மிஞ்சாது. கீழ்க் கடைவாயில் அந்த எலும்புக்குச் சற்றுக் கீழேதான் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

நொய்யல்மகள்:

உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எட்டு மாதங்கள் கழித்து எழுதுகிறேன்.

கிரவுன்களைக் கழற்றி முதற்கட்டச் சுத்தம் செய்த பின் அப்பாவின் எச்பிஏ1சி மூன்று மாதத்தில் 7.1-க்கு இறங்கியது. பின் இம்ப்ளான்ட்டில் பை 5-க்கு வந்தது. முன்னதில் 7-லேயே நின்றது, சீழும் தொடர்ந்தது. எனவே அறுவை செய்தோம். அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த என்னை நடுவில் உள்ளே கூப்பிட்டு, மருத்துவர் இடுக்கி முனையில் ஒன்றைக் காட்டினார். கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, வெளிர்மஞ்சள் நிறத்தில், சுண்ணாம்புச் சில்லுபோல் இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் கிரவுன் ஒட்டியபோது வழிந்து, இரண்டாம் மரையின் அடியில் இறுகிக் கிடந்த சிமென்ட். எந்த எக்ஸ்ரேயிலும் அது தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதம் அப்பா ஒழுங்காகத் துலக்கவில்லை என்று அவரைத்தான் கடிந்துகொண்டிருந்தேன்.

கன்னப்பக்கத்துச் சுவர் கரைந்திருந்ததால் எலும்புத் தூள் வைக்கவில்லை. சுத்தம் செய்து ஈற்றை இறக்கித் தைத்தார். பின் இம்ப்ளான்ட்டில் அண்ணத்திலிருந்து எடுத்த ஈற்றை ஒட்டினார். அப்பாவுக்கு வாயில் வலித்தது அந்த அண்ணப் புண்தான், பத்து நாள் ரசம் சாதத்தோடு ஓட்டினார். புதிய கிரவுன்களைத் திருகால் பூட்டியிருக்கிறார்கள். நேற்று, ஐந்தாம் மாத முடிவில் அளந்தபோது முன்னதில் 4, 4, 3, 4. ஓர் இடத்தில் மட்டும் துளி இரத்தம். பின்னதில் எல்லாம் 3. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். இப்போது கிரவுனுக்கு அடியில் இடைவெளி அதிகமாகிவிட்டது. சோற்றுப் பருக்கை மாட்டிக்கொள்கிறது. அங்கே எந்தப் பிரஷ் பயன்படுத்துவது?

வேர்க்கால்:

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. அப்பாவைக் கடிந்துகொண்டதை நினைத்து வருந்த வேண்டாம். அந்தச் சில்லு உள்ளே இருந்தபோதும் துலக்கியது வீண்போகவில்லை, ஈறு இவ்வளவு நன்றாக ஆறியதற்கு அதுவும் காரணம்.

பல்லிடுக்குப் பிரஷ் வாங்குங்கள். நடுவில் ஓடும் கம்பி பிளாஸ்டிக் பூசியதாக இருக்க வேண்டும். வெறும் கம்பி டைட்டானியத்தைக் கீறும். இடைவெளிக்குள் நுழையும்போது தூரிகை இரு பக்கமும் லேசாக உரச வேண்டும், கம்பி எங்கும் இடிக்கக்கூடாது. அடுத்த முறை போகும்போது இரண்டு மூன்று அளவுகளைப் போட்டுப் பார்த்து, முன்னதற்கு ஒன்று, பின்னதற்கு ஒன்று என்று தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. கன்னப்பக்கத்திலிருந்து நுழைத்து நான்கைந்து முறை, பிறகு நாக்குப்பக்கத்திலிருந்தும் அதேபோல். இரவு உணவுக்குப் பின் செய்வது கட்டாயம். இரத்தம் வந்த அந்த ஓர் இடத்தில் முதல் வாரம் இன்னும் கசியும். பயந்து நிறுத்திவிட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் கசிந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.